ஓபன் டி.டி.டி.: ஸ்டேஷன் நெரிசலை வாசலில் தீர்ப்பது எப்படி?

ஓபன் டி.டி.டி. என்பது ரயில், லோரி ஓட்டிச் சரக்கும் பயணிகளும் ஏற்றும் கணினி விளையாட்டு. அதில் ஸ்டேஷனுக்கு வெளியே ரயில்கள் வரிசைகட்டி நின்றால், புதிதாக விளையாடுகிறவர்கள் உடனே இன்னும் இரண்டு பிளாட்பாரம் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் பணம்தான் வீண். அடைப்பு பிளாட்பாரத்தில் இல்லை. தடங்கள் பிரிகிற வாசலில் இருக்கிறது.

பழகிப் பார்க்க, சப்-டிராபிக்கல் நிலப்பரப்பில் புது ஆட்டம் தொடங்குங்கள். ரப்பர் தோட்டம் அதில்தான் வரும். (செம்பனை கிடையாது. நம் மலேசிய எஸ்டேட்டுகள் பலவும் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன, விளையாட்டில் இன்னும் கித்தாதான்.) ஸ்டேஷனுக்குச் சுங்கை சிப்புட் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

படி 1: நீளம். ரயில் ஐந்து கட்டம் என்றால் பிளாட்பாரமும் ஐந்து கட்டம். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரக்கு ஏற்றுவது மெதுவாகிவிடும்.

படி 2: வடிவம். பட்டர்வொர்த் மாதிரி முட்டி நின்று திரும்பும் ஸ்டேஷனில் வருவதற்கும் போவதற்கும் ஒரே வாசல். நிஜ சுங்கை சிப்புட்டில் அப்படியில்லை. ஈப்போ பக்கமிருந்து வரும் இ.டி.எஸ். மின்ரயில் நின்றுவிட்டு நேராக வடக்கே போய்விடும். ரயில்கள் அதிகம் ஓடும் இடத்தில் இந்த வடிவத்தையே கட்டுங்கள். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

படி 3: சிக்னல். இங்கேதான் பொறுமை வேண்டும். தடம் பிரிவதற்கு முன்னால் ஒருவழி பாத் சிக்னல் (ரயில் போகும் வழியை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் சிக்னல்) ஒன்று. அதற்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் வேறு சிக்னலே கூடாது. அப்புறம் ஒவ்வொரு பிளாட்பாரத்தின் வெளியேறும் முனையிலும் ஒன்று. தடங்கள் ஒன்றுசேர்ந்த பிறகு, முழு ரயில் ஒன்று நிற்கும் அளவு இடம் விட்டுத்தான் அடுத்த சிக்னல். இல்லாவிட்டால் தலை சிக்னலில் நிற்கும், வால் வாசலை மறிக்கும். ரயில் நின்றால் யாருக்கும் வழி அடைபடாத இடம்தான் சிக்னலுக்கு ஏற்ற இடம். முட்டி நிற்கும் ஸ்டேஷன் என்றால் பிளாட்பார முனையில் சாதாரண பாத் சிக்னல் வையுங்கள். ஒருவழி வைத்தால் ரயில் உள்ளேயே நுழையாது.

படி 4: லோரியிலிருந்து ரயிலுக்கு. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி லோரி நிறுத்தத்தைக் கட்டினால், இருக்கிற ஸ்டேஷனோடு சேர்க்கவா என்று கேட்கும். சேர்த்துவிடுங்கள், ஒட்டியிருக்க வேண்டியதில்லை. லோரிக்கு 'மாற்றி இறக்கு, காலியாகப் போ' என்ற உத்தரவைக் கொடுங்கள். 'மாற்றி இறக்கு' மட்டும் போதும் என்று விட்டால், இறக்கிய ரப்பரையே மறுபடி ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிவிடும்! இறக்கும்போது காட்டும் வருமானத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள். ரயில் தொழிற்சாலையில் சேர்த்த பிறகுதான் பணம் வரும்.

ரப்பர் ரயில் நிரம்பும்வரை காத்திருக்கும் பிளாட்பாரத்தில் பயணிகள் ரயிலை விடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி.

படி 5: சந்திப்பு. கிளைப்பாதை சேரும் இடத்தில் தடங்களை முதலில் பிரித்துவிடுங்கள், அப்புறம் சேருங்கள். ஒன்றையொன்று வெட்டும் தடங்களுக்குப் பாலம் போடுங்கள், ஆனால் குட்டையாக. பாலத்தின் மேல் சிக்னல் வைக்க முடியாது. நீளமாகக் கட்டினால் பின்னால் வரும் ரயில், முன்னது இறங்கும்வரை நின்றாக வேண்டும்.