காட்டுக்குள் வட்டப் பாதை நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுக்குள் ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் வட்டப் பாதையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே நடை முடிகிறது. பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் எங்கோ ஒரு வியூ பாயிண்ட்டும் இருக்கிறது. ஒரு நாளுக்கு இதைவிட நல்ல நடை கிடையாது என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் இந்த வசதிதான் பலரை அசட்டையாக்குகிறது. போன வழியிலேயே திரும்பும் பாதையில், எங்கே வழுக்கும், எங்கே பாதை பிரியும், எங்கே ஓடையைத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் திரும்பும்போது தெரிந்திருக்கும். வட்டப் பாதையில் கடைசி அடி வரை புது இடம்தான். கால் களைத்து, தண்ணீர் குறைந்து, வெயில் சாய்ந்த பிறகு வருவது நாம் பார்த்தே இராத பகுதி. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது

"பத்து கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்று கிளம்புவது எல்லோரும் செய்வது. சமதளத்து ரோட்டில் அது சரி. காட்டில் தூரத்தோடு ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. இன்றைய அளவுகளில் அது இப்படி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

10 கிலோமீட்டர் வட்டம், மொத்த ஏற்றம் 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி, ஏற்றத்துக்கு 45 நிமிடம். இது நல்ல தெம்புள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். சாப்பிட, போட்டோ எடுக்க, ஷூவில் புகுந்த கல்லைத் தட்ட, மூச்சு வாங்க என்று நிற்பது எதுவும் இதில் இல்லை. அதையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் ஆகும். குழந்தைகள் வந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நேரத்தை இருட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மரங்களுக்கு அடியில் வெளியில் இருப்பதைவிட முன்னதாகவே இருட்டும். வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும்போதே காலடியில் வேர் எது, நிழல் எது என்று தெரியாமல் போகும். காலையில்தான் கிளம்புகிறோம், மதியமே வந்துவிடுவோம் என்றாலும் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று யோசிக்காமல் கிளம்புவது

வட்டத்தை இரண்டு பக்கமாகவும் சுற்றலாம். இரண்டும் ஒன்றல்ல. வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருக்கமாக இருக்கும் பக்கம் செங்குத்தானது. பெரும்பாலும் அந்தப் பக்கம் ஏறி, சாய்வு குறைந்த பக்கம் இறங்குவதே நல்லது. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். களைத்த காலோடு ஈரப்பாறையில் இறங்கும்போதுதான் முழங்கால் நோகும், கால் வழுக்கும். வியூ பாயிண்ட் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். மேற்கு நோக்கிய இடத்துக்குப் பிற்பகலில் போனால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், பள்ளத்தாக்கு வெளிறித் தெரியும். மலைகளில் கோடைக் காலத்து இடிமழை பிற்பகலில்தான் அதிகம் வரும் என்பதால், திறந்த பாறை முனையை முற்பகலிலேயே தொடும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன்.

வியூ பாயிண்ட்டோடு நடை முடிந்ததாக நினைப்பது

இங்கேதான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன 10 கிலோமீட்டர் வட்டத்தில் வியூ பாயிண்ட் 3.5-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். ஏற்றத்தில் 400 மீட்டர் முடிந்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து, தண்ணீரையும் கொண்டுவந்ததையும் காலி செய்து, "இனி இறக்கம்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். உடம்பும் மனமும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நம்பிவிடும். உண்மையில் மீதம் இருப்பது 6.5 கிலோமீட்டர், அதுவும் தெரியாத வழி.

ஆகவே சாப்பாட்டுக்கு முன், காட்சிக்கும் முன், அங்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். மணி என்ன, தண்ணீர் எவ்வளவு, யாருக்காவது கால் வலிக்கிறதா, வானம் எப்படி இருக்கிறது? ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் வந்த வழியே 3.5 கிலோமீட்டர் இறங்கிவிடலாம். வட்டத்தை முடிக்காமல் திரும்புவதைத் தோல்வியாக நினைத்து முன்னே போகிறவர்கள்தான் இருட்டில் மாட்டுகிறார்கள். பாதியைத் தாண்டிய பிறகு இந்த வசதி இருக்காது. அப்புறம் திரும்பினாலும் தூரம், போனாலும் தூரம்.

அடுத்தது குளிர். ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். மரங்களை விட்டுத் திறந்த பாறைக்கு வந்ததும் காற்று அடிக்கும். உயரம் கூடக் கூட 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குளிராக உணர்வோம். பருத்திச் சட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நடுங்க ஆரம்பித்த பிறகு ஜாக்கெட்டைத் தேடுவதைவிட, போய் நின்றதுமே போட்டுக்கொள்வது நல்லது.

விளிம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. பாறையின் மேல்பக்கம் உறுதியாகத் தெரியும், அடியில் மண் அரித்துக் குடைந்திருக்கலாம். நுனியில் இருக்கும் பொடிக் கற்கள் உருளும், பாசி வழுக்கும். போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஒரு அடி எடுத்து வைப்பதுதான் எனக்கு மிகவும் பயமான காட்சி. குறைந்தது உங்கள் உயர அளவுக்காவது விளிம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தடுக்கி விழுந்தாலும் தரையில்தான் விழுவீர்கள். குழந்தையின் கையைப் பிடித்திருப்பவர் போட்டோ எடுக்க வேண்டாம், அதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இடி காதில் விழுந்தால் மின்னல் தாக்கும் தூரத்துக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். திறந்த முனையை உடனே விட்டு இறங்க வேண்டும். தனி மரத்தின் கீழே ஒதுங்கக் கூடாது. ஒரே உயரமுள்ள மரங்கள் அடர்ந்த தாழ்வான பகுதி அதைவிடப் பரவாயில்லை, என்றாலும் காட்டில் முழுப் பாதுகாப்பான இடம் கிடையாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மீண்டும் மேலே போக வேண்டாம்.

திரும்பக் கிளம்பும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு, இதை யாரும் எச்சரிப்பதில்லை. வியூ பாயிண்ட்டைச் சுற்றி, போட்டோவுக்காக ஆட்கள் அங்கும் இங்கும் நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்கள் நிறைய இருக்கும். எல்லாமே பாதை மாதிரியே தெரியும், கொஞ்ச தூரத்தில் புதருக்குள் போய் மறையும். அதனால் பாறைக்கு வந்ததும் ஒரு முறை திரும்பி, எந்த மரத்துக்குப் பக்கத்தில் காட்டை விட்டு வெளியே வந்தோம் என்று பார்த்து வையுங்கள். வியூ பாயிண்ட் வட்டத்தின் மேலேயே இல்லாமல் ஒரு கிளைப் பாதையின் முடிவில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கிளைக்குள் போக இடப்பக்கம் திரும்பியிருந்தால், வெளியே வந்ததும் வட்டத்தைத் தொடர மறுபடியும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினால் வந்த வழியிலேயே இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

அடையாளங்களைப் பார்க்காமல் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்ப்பது

பல நாடுகளில் காட்டுப் பாதைகளை மரத்தில் பூசிய வண்ணப் பட்டைகளால் குறிக்கிறார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் முக்கிய வழிக்கு வெள்ளைப் பட்டை, கிளை வழிகளுக்கு நீலம். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பமோ கவனிக்க வேண்டிய இடமோ வருகிறது என்று பொருள். ஊருக்கு ஊர் முறை மாறும் என்பதால், தொடக்கத்தில் இருக்கும் பலகையைப் படித்து உங்கள் வட்டத்தின் நிறத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பலகையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

பேசிக்கொண்டே நடக்கும்போதுதான் பிரிவுகள் தப்பிப்போகும். உதிர்ந்த இலைகள் மூடிய காலத்தில் பாதையும் காடும் ஒரே மாதிரி இருக்கும். சில நிமிடங்களாக எந்தப் பட்டையும் கண்ணில் படவில்லை என்றால் "கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று நடக்காமல், கடைசியாகப் பார்த்த பட்டை வரை திரும்பி வாருங்கள். ஐந்து நிமிட நஷ்டம்தான்.

அதையும் தாண்டி வழி தவறிவிட்டால், நேராக நடந்தால் எங்காவது வெளியே வந்துவிடலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர், ஒரு பெரிய காட்டில் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி ஜிபிஎஸ்ஸில் பின்தொடர்ந்தார்கள். சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் கிட்டத்தட்ட நேராகப் போனார்கள். மேகம் மூடியபோது நடந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நடந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள். ஆகவே நில்லுங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள். அதற்குத் திரும்பும் வழி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அங்கேயே இருப்பதுதான் உங்களைத் தேடுபவர்களுக்கு உதவி. கத்துவதைவிட விசில் தொலைவு கேட்கும், தொண்டையும் தாங்கும்.

போனை மட்டும் நம்புவது

போனின் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கிக்கொள்ளும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால், வெற்றுத் திரையில் ஒரு நீலப்புள்ளிதான் இருக்கும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் அந்தப் புள்ளி தள்ளியும் காட்டும். வட்டத்தின் இரண்டு பக்கங்களும் நெருங்கி ஓடும் இடத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே குழம்பும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித்தேடி பேட்டரியைத் தின்னும், ஃப்ளைட் மோடில் போட்டால் தப்பிக்கும். காகித வரைபடம் ஒன்றும் கூட இருக்கட்டும்.

தண்ணீர், கால், உண்ணி

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள், நான்கு மணி நடைக்கு 2 லிட்டர். வெக்கை அதிகமென்றால் கூடுதல். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், அதனால் உப்புள்ள எதையாவது சேர்த்துச் சாப்பிடுங்கள்.

புது ஷூவோடு முதல் நாளே நீண்ட நடைக்குப் போகாதீர்கள். குதிகாலில் சூடாக உறுத்தினால் அப்போதே நின்று பிளாஸ்டர் போடுங்கள். கொப்புளம் வந்த பிறகு போடும் பிளாஸ்டரால் பெரிய பயன் இல்லை. ஈரமான வேரின் மேல் மிதிக்காமல் தாண்டிப் போங்கள். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் குறுக்கே வெட்டி இறங்க வேண்டாம், அந்தத் தடத்தில் மழைநீர் இறங்கிப் பாதையையே அரித்துவிடும்.

உண்ணிகள் உள்ள காடுகளில் நீளக் காற்சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, சூடு வைப்பது வேண்டாம்.

"முன்னாடி போங்க, வட்டம்தானே" என்று பிரிவது

வட்டம் என்பதால் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடுவோம் என்று குழுவைப் பிரிப்பார்கள். சிலர் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து நடுவில் சந்திக்கிறோம் என்பார்கள். ஒருவர் பிரிவைத் தவறவிட்டாலோ கணுக்கால் பிசகினாலோ, முன்னால் போனவர் பின்னால் இருக்கிறார் என்றும், பின்னால் இருப்பவர் முன்னால் போய்விட்டார் என்றும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் கடைசி ஆள் வரும்வரை காத்திருங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், எந்தப் பக்கமாகச் சுற்றப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். சுற்றும் பக்கம் தெரிந்தால் தேடுபவர்கள் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வண்டிக்கு வந்து சேர்ந்ததும், ஷூவைக் கழற்றும் முன்பே, அவருக்கு வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.