கூடத்தில் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளுக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கித் தரும், வாயால் கேட்டால் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர், விடியற்காலையில் தேவாரம் கேட்க வசதி என்று பெரும்பாலும் கூடத்திலேயே வைக்கப்படுகிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததா, கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகையை எப்போது மீட்பது என்ற பேச்செல்லாம் நடப்பதும் அதே கூடத்தில்தான் என்பதால், இடத்தை யோசிக்காமல் வைப்பதே முதல் தவறு.

கருவி எந்நேரமும் பதிவு செய்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை; கூப்பிட்டால் மட்டுமே கேட்கும் என்று அசட்டையாக இருப்பதும் சரியன்று. ‘அலெக்சா’ போன்ற அழைப்புச் சொல் காதில் விழுகிறதா என்று அதன் மைக் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கும். விழுந்ததாகக் கருதிய பிறகே பேச்சு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். தொலைக்காட்சித் தொடரில் வரும் ஏதோ ஒரு சொல்லை அழைப்பென்று அது தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

நான் மிகவும் கவலைப்படும் தவறு வேறு. பெற்றோருக்கு வாங்கிய கருவியை மகன் தன் கணக்கிலேயே இணைத்துவிடுகிறான். கருவியிடம் அம்மா கேட்ட மருந்தின் பெயரும் அப்பா கேட்ட சந்தேகமும், கேட்டவற்றின் வரலாற்றைச் சேமிக்கும் அமைப்பு (செட்டிங்) அணைக்கப்படாத வரை, அவன் கைபேசிச் செயலியில் வரிசையாகத் தெரியும். இது அவ்விருவருக்கும் தெரியாது. மகன்தானே பார்க்கிறான் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. முதியவர்களுக்கும் அந்தரங்கம் உண்டு. அவர்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, பதிவுகளை அழிக்கும் முறையையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான் முறை.

நிறுவனம் பெரியது, ஆகவே நம்பலாம் என்பதும் தவறே. குழந்தைகளின் குரல் பதிவுகளை அளவுக்கு மீறி வைத்திருந்ததாகவும், பெற்றோர் அழிக்கக் கேட்ட பிறகும் அவற்றின் எழுத்து வடிவத்தை முழுமையாக நீக்கவில்லை என்றும் அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கில், அமேசான் 2023-இல் 2.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதன் ஸ்மார்ட் ஸ்பீக்கரான எக்கோ கருவிகள் சிலவற்றில் இருந்த, குரல் பதிவை மேகக்கணிக்கு, அதாவது நிறுவனத்தின் சர்வருக்கு, அனுப்பாமலிருக்கும் வசதியையும் 2025 மார்ச் 28-இல் அது நிறுத்தியது. ஒருமுறை அமைத்தோம், முடிந்தது என்றிராமல், தனியுரிமை அமைப்புகளை அவ்வப்போது திறந்து பார்ப்பது அவசியம்.

சம்பந்தம் பேசவோ பாகப்பிரிவினை பேசவோ உறவினர் வரும் நாளில், கருவி இருப்பதை அவர்களிடம் சொல்லிவிட்டு மைக் பொத்தானை அழுத்துங்கள். எக்கோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் அணைந்துவிட்டது என்று பொருள்.