பென்சீன் வளையப் பெயரீட்டில் அகரவரிசை எந்த மொழியினது?

பென்சீன் வளையத்தில் இணைந்துள்ள கூட்டங்களை வரிசைப்படுத்தும் முன், ஒவ்வொன்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தையும் படத்தில் அதனருகே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ்மொழி மூலம் உயர்தர இரசாயனவியல் கற்பவர்களுக்கு இச்சிறு குறிப்பு மிகவும் உதவும். ஏனெனில் ஐயுபிஏசி (IUPAC) எனும் சர்வதேச இரசாயனவியல் ஒன்றியத்தின் பெயரீட்டில் அகரவரிசை என்பது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வரிசையே. தமிழ் வரிசையில் எதைல், குளோரோ, நைத்திரோ, புரோமோ, மெதைல் என அமைபவை, ஆங்கில வரிசையில் புரோமோ, குளோரோ, எதைல், மெதைல், நைத்திரோ என மாறிவிடுகின்றன. ஆகவே 1-குளோரோ-3-புரோமோபென்சீன் என்பது தமிழ்க் காதுக்குச் சரியாக ஒலித்தாலும் பிழையானது; 1-புரோமோ-3-குளோரோபென்சீன் என்பதே சரி. டை, டிரை போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகளை இவ்வரிசையில் கணக்கிடக் கூடாது.

ஆனால் இவ்வரிசை பெயரில் எது முன்னே எழுதப்படும் என்பதை மட்டுமே எப்போதும் தீர்மானிக்கும். வளையக் காபன்களுக்கு இலக்கமிடுதலில், இரு திசைகளும் ஒரே இலக்கத் தொகுதியைத் தரும்போது மட்டுமே அது குறுக்கிடும். 4-குளோரோ-1,2-டைநைத்திரோபென்சீனில் குளோரோவுக்கு 1 கொடுத்தால் 1,3,4 என வரும். 1,2,4 அதனிலும் சிறியது என்பதால் அகரவரிசைக்கு அங்கு வேலையில்லை. பீனோல், அனிலீன், பென்சோயிக்கமிலம் ஆகியவற்றின் பெறுதிகளிலோ முதன்மைத் தொழிற்பாட்டுக் கூட்டம் இணைந்த காபனே 1 ஆகும்; 2-குளோரோ-4-நைத்திரோபீனோல் இதற்கு எடுத்துக்காட்டு.