கைத்தறி உடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் நெருங்கினால் அலுவலகங்களும் கல்லூரிகளும் பட்டுப் புடவையும் வேட்டியுமாக நிறைந்துவிடுகின்றன. பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் கூர்ந்து பார்த்தால் பாதிப் பேர் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல் இருக்கிறார்கள். அதே தங்க நிறக் கரை, அதே கோவில் நகை, அதே மல்லிகைச் சரம். தன் மண்ணையும் தன் ரசனையையும் உடையில் காட்ட விரும்பியவர்கள் கடைசியில் ஒரு விளம்பரப் படத்தின் நகலாகிவிடுகிறார்கள். நாம் உடுத்தும் துணியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். துணியைத் தெரிந்துகொண்டால் அதோடு விளையாடும் துணிச்சல் தானாக வரும்.

எனவே முதல் தவறு, பெயரை மட்டும் நம்பி வாங்குவது. மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. துணியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் சிறு புள்ளியாக நிற்கும். ஒரு புள்ளிக்கு ஒரு முடிச்சு! இன்று அதே பெயரில் கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பகுதி அச்சிட்டவை. கையால் கட்டியதில் ஒரு புள்ளியைப்போல் இன்னொன்று இருக்காது. ஓரம் சற்றுக் கலங்கியிருக்கும். புதுத் துணியில் விரலை ஓட்டினால் புள்ளி இருக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். அச்சுச் சுங்குடி உடுத்துவது குற்றமில்லை. வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல சேலை கிடைக்காது. எதை வாங்குகிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டுக்கும் இதே கதைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து தறியிலேயே கோக்கும் கோர்வையா என்று கேளுங்கள். கோர்வை நெசவில் குறுக்கிழையை இழுத்துச் செல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். புடவையைத் திருப்பிப் பிடித்து, கரை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இரு நிற இழைகளும் ஒன்றையொன்று கவ்வியிருப்பது கண்ணுக்கே தெரியும். அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதன்மேல் வெள்ளி இழை, அதற்கு மேல் தங்க முலாம். ஓர் இழையின் நுனியைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் எட்டிப்பார்க்கும். சில வகைப் புடவைகளையும் வேட்டிகளையும் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. 2006இல் கைத்தறி முத்திரையும் வந்துவிட்டது. முத்திரையைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் அணிந்துவிடுவது. காரைக்குடிக் கண்டாங்கியின் பெரிய கட்டங்களும் அகலக் கரையும் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் தாமே உரக்கப் பேசக்கூடியவை. அதன்மேல் கனத்த நகை, வேலைப்பாடு செய்த ரவிக்கை, பட்டுக் குஞ்சம் என்று ஏற்றினால் சேலையின் குரல் அமுங்கிவிடும். சாதாரண வெள்ளைச் சட்டையை ரவிக்கையாகப் போட்டு, காதில் மட்டும் ஒரு பழைய தோடு அணிந்து பாருங்கள். கண்டாங்கி எப்படி எழுந்து நிற்கிறது என்பது புரியும்.

முன்கொசுவம் வைத்த ஆறு கெஜக் கட்டு மட்டுமே மரபு என்று எண்ணுவதும் தவறு. கொசுவத்தைப் பின்னால் விட்டு, காலை எட்டி வைத்து வேலை செய்ய வாகாகக் கட்டும் பின்கொசுவம் நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. இன்றைக்கு இளையவர்கள் அதைக் கட்டினால் புதுமை என்கிறார்கள். ஆண்களிடம் வேறொரு பழக்கம்: அடையாளத்தைச் சுமக்கும் பொறுப்பைப் பெண்களிடம் விட்டுவிட்டுத் தாங்கள் முகூர்த்தத்துக்கு மட்டும் வேட்டி கட்டுவது. வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுத்த மனமகிழ் மன்றங்கள் சென்னையிலேயே இருந்தன. அதைத் தடுக்க 2014இல் தமிழக அரசு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வேலை நாளில் பருத்தி வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து போகத் தடையேதும் இல்லை.

மரபைப் பேசும்போது நாம் விட்டுவிடும் ஒரு பக்கமும் உண்டு. யார் எதை உடுத்தலாம் என்பதை இங்கே சாதி முடிவு செய்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் உடுத்தினார்கள்’ என்று பெருமை பேசும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டி உடுத்தியது பட்டாக இல்லாமல் நூல்சேலையாக இருந்திருக்கலாம். அந்த நூல்சேலையும் முழு அடையாளம்தான்.

பிறருடைய கைவேலையை எடுத்தாளும்போது இன்னும் கவனம் தேவை. நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழைகளை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். துணியில் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. அப்படித் தைத்த போர்வை தோடர் வாழ்வில் இறுதிச் சடங்கு வரை கூட வருவது. அந்தக் கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்த குர்தாவை வாங்கினால், தைக்கும் கைக்கு ஒரு பைசாவும் போகாது. அவர்கள் தைத்த சிறு பையோ சால்வையோ ஒன்று போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எதையும் மாற்றக் கூடாது போலிருக்கிறதே என்று ஒதுங்கிவிடுவதும் தவறுதான். ‘மெட்ராஸ்’ என்று உலகம் அழைக்கும் நம் கட்டம்போட்ட பருத்தித் துணி நெடுங்காலம் முன்பே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை வாங்கி, சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, கட்டங்களுக்குள் புதிய வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். இன்று அது அவர்களுடைய துணி. துணியை அவ்வளவு உற்றுப் பார்த்தவர்களால்தான் அப்படி மாற்ற முடிந்தது.

கடைசியாகப் பாட்டியின் பட்டுப் புடவை. அவசரப்பட்டு லெஹங்காவாக வெட்டிவிடாதீர்கள். ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக எடைக்குக் கேட்டு வருபவர்களிடம் கொடுத்துவிடவும் வேண்டாம். மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டு இற்றுப்போகாமல் இருந்தால் அப்படியே உடுத்தலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. உடல் கிழிந்து கரையும் முந்தானையும் மட்டும் உறுதியாக இருந்தால் தயங்காமல் வெட்டலாம். கரையை வேறு துணியில் வைத்துத் தைக்கக் கொடுக்கும்போது, கோர்வை இணைப்பிலிருந்து இரண்டு விரற்கடை உடல் துணியையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். இணைப்பை ஒட்டி வெட்டினால் இழை பிரிந்துவிடும்.