பீப்பாயில் முதிர்ந்த திராட்சை பியர்: ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலை ருசி பார்ப்பது என் தொழில். காட்டு ஈஸ்ட்டில் நொதித்து, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து, ஒயின் திராட்சையோடு ஊறிய பியர் என் ஆசை. பிரஸ்ஸல்ஸில் 1900ஆம் ஆண்டு தொடங்கிய கான்டியோன் ஆலை வெள்ளை மஸ்கட் திராட்சை போட்டு ‘விஞ்ஞெரோன்’ என்றும், மெர்லோ போன்ற கறுப்புத் திராட்சை போட்டு ‘சான் லாம்வினுஸ்’ என்றும் செய்கிறதே, அந்த வகை. நம் இலங்கை மலையகப் பக்கத்துக் கடைகளில் இதைத் தேடிப் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு போத்தல் வந்தால்தான் உண்டு.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் இதில் ஆர்வம் பிடித்த இளைஞர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். போத்தல் வந்தால் என்னையும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்து தள்ளிய அதே தவறுகள். கிளாஸில் சவர்க்கார வாசனை இருக்கக்கூடாது, பக்கத்தில் சிகரெட் கூடாது என்பதெல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வந்த அன்றே திறப்பது

இதை நீட்டித்தான் சொல்லவேண்டும். இன்னும் எனக்கு இதில் கோபம் ஆறவில்லை.

கொட்டகலையில் ஒரு தம்பி. அவனுடைய அக்கா விடுமுறைக்கு வரும்போது கறுப்புத் திராட்சை போட்ட 750 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். காலையில் கட்டுநாயக்கவில் இறங்கி, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைவு வளைவாக வேன் ஏறி, பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தார்கள். “இரண்டு வாரம் நிமிர்த்தி வை, தொடாதே” என்று போனில் சொன்னேன். “சரி அண்ணே” என்றான். அன்று ராத்திரி வீடு நிறைய ஆட்கள். உற்சாகத்தில் மூடியைத் தட்டிவிட்டான். நுரை கூரைத் தகரம்வரை அடித்தது. பாதிக்கு மேல் சீமெந்துத் தரையில் ஓடியது. மிச்சம் இருந்தது மண்டி முழுக்கக் கலங்கிய, சேற்று நிறத்தில் ஒரு திரவம். அதைக் குடித்துவிட்டு, “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் குடித்தது அந்தப் பியரே இல்லை. ஒருவர் வருடக்கணக்கில் காத்திருந்து செய்த பொருளை ஒரு நிமிடத்தில் தரைக்குக் கொடுத்துவிட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு அவசரம் வராது. இந்த வகைப் பியர் பெரும்பாலும் போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதித்து வாயு சேர்ப்பது. அடியில் ஈஸ்ட்டும் திராட்சைத் துகளும் மண்டியாகப் படிந்திருக்கும். வளைவுகளில் குலுங்கும்போது அது முழுக்க மேலே எழும்பும். மூடி திறந்ததும் ஒவ்வொரு துகளும் ஒரு குமிழுக்கு இருப்பிடம் கொடுக்கும். அடுத்தது சூடு. 10 பாகையில் திரவத்தில் கரையக்கூடிய காபனீரொட்சைட்டு வாயுவில் ஏறத்தாழ பாதிதான் 30 பாகையில் கரையும். கொழும்பு வெயிலில் வேனுக்குள் கிடந்த போத்தல் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். மூன்றாவது, பலர் நினைத்தே பார்க்காதது, நம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் மெதுவாக நுரைக்கும் போத்தல் மலையில் வேகமாகவே பொங்கும்.

ஆகவே போத்தல் வந்ததும் இருட்டான அலுமாரிக்குள் நிமிர்த்தி வையுங்கள். இரண்டு வாரம் என்பது என் கணக்கு. மண்டி அடியில் கெட்டியாகப் படிய அவ்வளவு வேண்டும். திறப்பதற்கு முதல் நாள் ஃபிரிஜ்ஜில் வைத்து நன்றாகக் குளிர விடுங்கள். குளிர்ந்தால் வாயு திரவத்துக்குள் அடங்கும். திறக்கும்போது கீழே ஒரு பேசின் இருக்கட்டும். சோடா மூடி என்றால் ஓரத்தைச் சற்றே நெம்பி, வாயு சீறி வெளியேற விட்டு, நுரை கழுத்துக்கு ஏறினால் திரும்ப அழுத்திப் பிடித்து, அடங்கியதும் மறுபடி நெம்புங்கள். நாலைந்து தடவை செய்யவேண்டி வரலாம், பரவாயில்லை. தக்கை என்றால் தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். சில போத்தல்களில் சோடா மூடிக்குக் கீழே தக்கையும் இருக்கும், ஏமாறவேண்டாம். கிளாஸ்களை வரிசையாக வைத்து, சாய்த்த போத்தலை நடுவில் நிமிர்த்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் நிமிர்த்தினால் மண்டி மறுபடி கலங்கிவிடும். கடைசியில் எஞ்சும் கலங்கலைத் தனிக் கிளாஸில் விட்டு, விரும்பியவர் பார்க்கட்டும்.

ஐஸ் போடுவது

வேண்டாம்.

ஐஸ் போடாமல் ஐஸ் மாதிரியே குடிப்பது

இதுவும் அதே தவறுதான். குளிரவைத்தது திறப்பதற்காக, குடிப்பதற்காக அல்ல. கடும் குளிரில் மணம் எழாது, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் முரட்டுத்தனமாகத் தெரியும். 10 முதல் 13 பாகை நல்லது. நுவரெலியாவில் ராத்திரி நேரத்தில் மேசைமேல் கிளாஸைக் கொஞ்ச நேரம் விட்டாலே அந்த இடத்துக்கு வந்துவிடும். கொழும்புக்காரருக்குக் கிடைக்காத வசதி இது. பெரிய பியர் மக் வேண்டாம், வாய் குறுகிய ஒயின் கிளாஸ் எடுங்கள்.

“புளித்துப் போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்வது

பியர் மலையகத்துக்குப் புதிதல்ல. சாமுவேல் பேக்கர் காலத்திலேயே, 19ஆம் நூற்றாண்டில், நுவரெலியாவில் பியர் காய்ச்சினார்கள். ஆனால் நாம் குடித்துப் பழகியது புளிப்பே இல்லாத லாகர். அந்த நாக்கோடு வந்தால் இது கெட்டுப்போனதாகத்தான் தோன்றும். கித்துள் கள்ளு குடித்த பெரியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. முட்டியில் ஒட்டிய ஈஸ்ட்டும் பக்டீரியாவும் தானாகப் புளிக்க வைப்பது அவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

எந்தப் புளிப்பு என்று பிரிக்கப் பழகவேண்டும். தயிரில் இருக்கும் உருண்டையான புளிப்பு லாக்டிக் அமிலம். இந்தப் பியரின் முதுகெலும்பு அதுதான். மூக்கைச் சுண்டி, தொண்டையில் எரிவது வினாகிரிப் புளிப்பு. பீப்பாய்க்குள் காற்று புகுந்ததால் வருவது. கொஞ்சம் இருந்தால் உயிர் கொடுக்கும், மிஞ்சினால் குறை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தால் எத்தில் அசிட்டேட் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதை நான் மன்னிப்பதில்லை. குதிரை லாயம், தோல், கிராம்பு, லேசான புகை போன்ற மணங்கள் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் கிளாஸன் என்பவர் பெயரிட்டு அறிவித்த ஈஸ்ட் அது. இந்த வகையில் அந்த மணம் குறையாகாது.

திராட்சை என்றதும் இனிப்பைத் தேடுவது

யாழ்ப்பாணத் திராட்சையை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும். மிஞ்சுவது தோலின் நிறம், மணம், அப்புறம் தோலும் விதையும் தந்த துவர்ப்பு. புளிப்பு வாயில் எச்சில் ஊற வைக்கும், துவர்ப்பு ஈறையும் நாக்கையும் வறள வைக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். தேயிலையோடு வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் பெரிய பலம் இருக்கிறது. கடுஞ்சாயத்தில் பழகிய நாக்கு கறுப்புத் திராட்சையின் துவர்ப்பை உடனே அடையாளம் காணும். தயங்காமல் சொல்லுங்கள்.

பைட்டுக்கு லுணுமிரிஸ்

அந்த மிளகாய்ச் சம்பலின் எரிச்சலும் பியரின் அமிலமும் சேர்ந்தால் வேறொன்றும் தெரியாது. வெறும் பாண் போதும்.

தைலம் பூசிக்கொண்டு வருவது

குளிர் என்றால் இன்னொரு சுவெட்டர் போடுங்கள்.

உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்ததற்கு ஓடுவது

எங்கள் தொழில்காரர்கள் செய்யும் தவறு. தேயிலையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். உறிஞ்சுவோம், துப்புவோம், நகர்வோம். அந்த வேகம் இங்கே உதவாது. சில போத்தல்களில் எலிக்கூட்டு வாடை என்று ஒரு குறை உண்டு. முகர்ந்தால் தெரியாது, முதல் மடக்கிலும் தெரியாது. பியரின் புளிப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். விழுங்கிய பிறகு எச்சில் அந்தப் புளிப்பைத் தணித்ததும்தான் நாக்கின் பின்பக்கத்திலிருந்து வாடை எழும்பும். சிலருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் ஒருவர் மட்டும் “ஏதோ இருக்கிறது” என்றால் அவரை அடக்காதீர்கள்.

ஒரு மடக்கு விழுங்கி, அரை நிமிடம் பேசாமல் இருந்து, பிறகு கருத்துச் சொல்லுங்கள். அந்த வாடை இருந்தாலும் அதே வகையில் கைவசம் இன்னொரு போத்தல் இருந்தால் தூக்கி எறியவேண்டாம். பல மாதங்கள் போனால் பெரும்பாலும் அது தானாக மங்கிவிடும். திகதியை எழுதி ஒட்டி, அலுமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்துவிடுங்கள்.