முதல் கார் வாங்கும் தம்பிகள் இன்சூரன்ஸில் விடும் தவறுகள்

போன வாரம் மன்னார்குடியில் என் இன்சூரன்ஸ் கடைக்கு ஒரு தம்பி வந்தார். 22 வயது. கும்பகோணத்தில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் ஏழு வருட வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். "அண்ணே, பாலிசி இன்னும் எட்டு மாசம் ஓடும். முடியுறப்ப குறைஞ்ச காசுல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். ஆர்.சி.யையும் பாலிசியையும் வாங்கி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஆர்.சி.யில் அவர் பெயர், பாலிசியில் வேறொருவர் பெயர். விரலை வைத்துக் காட்டினேன். "வண்டி நம்பர் ஒண்ணுதானே அண்ணே?" என்றார்.

23 வயதில் நானும் இதையேதான் கேட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். லைசென்ஸ் எடுங்கள், தேதி முடியுமுன் பணம் கட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயதை நினைத்துப் பயப்படுவது

சின்ன வயது என்றால் பிரீமியம் இரண்டு மடங்கு என்று வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே அப்படி. இங்கே பிரீமியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டிதான்: அதன் மதிப்பு, வயது, சிசி எனும் என்ஜின் அளவு, பதிவான ஊர். சென்னைப் பதிவு ஏ மண்டலம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாம் பி மண்டலம், சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியம் கொஞ்சம் குறைவு. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலான பட்டியலில் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனியிலும் அதே தொகைதான். பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்று வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் அது போலிக் காகிதம்.

பழைய ஓனர் பெயரிலேயே பாலிசியை ஓட்டுவது

2011-ல் ஆறு வருடப் பழைய ஆல்ட்டோ ஒன்று வாங்கினேன். ஆர்.சி.யில் பெயர் மாற்றியாகிவிட்டது. பாலிசி ஐந்து மாதம் பாக்கி. "அது தானா மாறிடும்" என்றார் புரோக்கர், நம்பிவிட்டேன். மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த நேரம். திருத்துறைப்பூண்டி சாலையில் கோட்டூர் தாண்டி, பாதித் தாரை மறைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். பிரேக் போட்டேன், டயர் நெல்லின் மேல் வழுக்கியது. மதகுச் சுவரில் மோதி வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. ரேடியேட்டர், பானெட், முன் சஸ்பென்ஷன் எல்லாம் போய் ஒர்க்‌ஷாப் பில் 68,000 ரூபாய்.

சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் வண்டியைப் படம் எடுத்தார், காகிதங்களைப் பார்த்தார், நிமிர்ந்தார். "பாலிசி உங்க பேர்ல இல்லையே" என்றார். கிளைம் அத்தோடு முடிந்தது. பாலிசி வைத்திருந்தவரிடம் வண்டி இல்லை, அதனால் அவருக்கு நஷ்டமும் இல்லை. நஷ்டப்பட்ட எனக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை. அம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து வண்டியை எடுத்தேன்.

புரோக்கர் சொன்னது பாதி உண்மை, ஆபத்தே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவின்படி வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி காப்பு தானாகவே வாங்கியவருக்கு வந்துவிடும். உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓ.டி. காப்பு அப்படி வராது. உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பாலிசியில் பெயர் மாற்றும் எண்டார்ஸ்மென்ட் வாங்கியாக வேண்டும். புது ஆர்.சி., பழைய பாலிசி, விற்பனைக் கடிதம், புதிதாக நிரப்பிய புரோபோசல் படிவம் இருந்தால் போதும்.

தெரிந்தும் ஏன் செய்யாமல் விடுகிறார்கள்? கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளைம் போனஸ்தான் காரணம். அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. 5,000 ரூபாய் ஓ.டி. பிரீமியத்தில் பழைய ஓனர் 50 சதவீதம் கழித்து 2,500 கட்டியிருப்பார். பெயர் மாறும்போது, மீதி மாதங்களுக்கு அந்தக் கழிவைக் கம்பெனி உங்களிடம் திரும்ப வாங்கும். எட்டு மாதம் பாக்கி என்றால் 1,667 ரூபாய். அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் போய் 68,000-ஐ விடுகிறார்கள். பதினைந்து வருடமாக இதைப் பார்க்கிறேன், இன்றும் ஆத்திரம் வருகிறது. அடுத்த வருடம் ஆன்லைனில் போடும்போது "போனஸ் உண்டா" என்ற கட்டத்தில் பழைய ஓனரின் 50-ஐ டிக் அடித்துவிடுகிறவர்களும் உண்டு. பிரீமியம் குறையும். கிளைம் போடும் நாளில் அந்தப் பொய் விவரத்தைக் காட்டியே பணத்தை மறுத்துவிடுவார்கள்.

அந்தத் தம்பிக்கு ஆர்.சி. மாறி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே படிவத்தை நிரப்ப வைத்துத்தான் அனுப்பினேன்.

சின்னக் கீறலுக்குக் கிளைம் போடுவது

பம்பர் உடைந்து 4,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம், நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக, கைக்கு 1,000 வந்தால் பெரிது. அடுத்த புதுப்பித்தலில் 35 சதவீதமாக ஏற வேண்டிய போனஸ் பூஜ்யமாகும். 6,000 ரூபாய் ஓ.டி.யில் அது 2,100 ரூபாய்.

ஐ.டி.வி.யை அடிமாட்டு விலைக்குக் குறைப்பது

ஐ.டி.வி. என்பது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு. வண்டி மொத்தமாகப் போனாலும் திருடு போனாலும் அந்தத் தொகைதான் வரும். வேண்டாம்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வது

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னை விழுந்து நசுங்கிய கார்களைப் பார்த்தவன் நான். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. முழுக் காப்பு இருந்தால் புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். ஆனால் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு சாவியைத் திருப்பினால், அதனால் கெடும் என்ஜினுக்கு சாதாரணப் பாலிசி பணம் தராது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டு வாசலிலேயே தண்ணீர் நிற்கும் ஊர் நமது. கூடுதல் காசு கட்டி வாங்கும் மற்ற ஆட்-ஆன் காப்புகளை யோசித்துச் சேருங்கள். என்ஜினுக்கான என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனை மட்டும் விடாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போங்கள்.

முகூர்த்த நாளில் வாடகைக்கு ஓட்டுவது

சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் போர்டு வண்டி வாடகை ஓடினால் கிளைம் கிடையாது.

அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன்

ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். மகனுக்கு அடிபட்டால் அதிலிருந்து வராது. மகன் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.