லில்லியைத் தின்னும் சிவப்பு வண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரலில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்த லில்லி முளை, ஜூன் பாதியில் இலையே இல்லாத குச்சியாக நிற்கிறதா? லண்டனிலும் டொரண்டோவிலும் பாஸ்டனிலும் இதற்குக் காரணம் பெரும்பாலும் செந்நிற லில்லி வண்டுதான். இதன் தாயகம் ஐரோப்பாவும் ஆசியாவும். இங்கிலாந்தில் 1939-இல் சர்ரே வட்டாரத்தில் நிலைகொண்டது. 1940-களில் மாண்ட்ரியலிலும், 1992-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் தலைகாட்டியது. வட அமெரிக்காவில் இதை அடக்கி வைக்கும் இயற்கை எதிரிகள் இல்லாததால் மளமளவென்று பரவிவிட்டது.

பார்க்க அழகான வண்டு. குங்குமச் சிவப்பில் பளபளக்கும், தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். சிக்கலே அதில்தான். கண்ணில் படும் சிவப்பைத் துரத்துவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் செடியை மொட்டையடிப்பது இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் புழு. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

எல்லா 'லில்லி'யும் லில்லி அல்ல

தமிழில் நாம் லில்லி என்று சொல்லும் செடிகள் ஏராளம். மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, டே லில்லி, பீஸ் லில்லி, காலா லில்லி எல்லாம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும். இந்த வண்டு முட்டையிட்டுக் குடும்பம் நடத்துவது இரண்டு மூன்று இனங்களில் மட்டுமே. ஒன்று, கிழங்கிலிருந்து ஒற்றைத் தண்டாக எழுந்து தண்டு நெடுக இலை விடும் உண்மையான லில்லியம். இன்னொன்று லில்லிக்கு உறவான ஃப்ரிட்டில்லாரியா என்ற கிழங்குச் செடி. ஆளுயரத்துக்கும் மேல் வளரும் ராட்சத லில்லியான கார்டியோக்ரைனமும் சேர்த்தி. புல் போன்ற நீண்ட இலைகள் அடியிலிருந்து கொத்தாக வரும் டே லில்லியை இது தின்று வளர்வதில்லை. அந்தச் செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருப்பது வீண்.

சரி, லில்லியத்தைப் பிடுங்கிவிட்டு டே லில்லி வைக்கலாமே என்றால் வைக்கலாம். ஆனால் பூனை வளர்க்கும் வீடு என்றால் இரண்டுமே வேண்டாம். இரண்டுமே பூனைக்குக் கொடிய விஷம். லில்லியத்தின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

தமிழ்நாட்டில் செங்காந்தள் பயிரிடுவோர் 'லில்லிப் புழு' என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்ட அது வண்டின் புழு அல்ல, அந்துப்பூச்சியின் புழு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தை வாங்கிவந்து லில்லி வண்டின் மேல் தெளிக்கிறார்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.டி. ரகம் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். லில்லி வண்டின் புழுவை அது ஒன்றும் செய்யாது.

சிவப்பாக இருப்பதையெல்லாம் கொல்வது

லில்லி வண்டு 6 முதல் 9 மில்லிமீட்டர் நீளம். முதுகு புள்ளியே இல்லாத சிவப்பு. தலை, உணர்கொம்பு, கால்கள், வயிறு எல்லாம் கறுப்பு. இந்தக் கறுப்பு வயிற்றை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். பொறிவண்டு உருண்டையாக, பெரும்பாலும் புள்ளிகளோடு இருக்கும். அசுவினியைத் தின்று உதவும் நண்பன் அது. இங்கிலாந்தில் மே மாதம் தெரியும் கார்டினல் வண்டும் சிவப்புதான், ஆனால் லில்லி வண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். லில்லியைத் தொடாது.

முட்டையிலும் இதே குழப்பம் வரும். பொறிவண்டின் முட்டைகள் மஞ்சளாக, நட்டுவைத்த மாதிரி செங்குத்தாகக் கும்பலாக இருக்கும். லில்லி வண்டின் முட்டைகள் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில், இலைக்கு அடியில் படுத்தவாக்கில் கோணல்மாணலான வரிசையாக ஒட்டியிருக்கும். ஒரு வரிசையில் ஏழெட்டு, சிலநேரம் பன்னிரண்டு. பொரிக்கும் நாள் நெருங்க நிறம் அடர்ந்துவிடும்.

சேறு என்று நினைத்து விட்டுவிடுவது

மிகப் பெரிய சேதம் இந்தத் தவறால்தான். இலையின் அடியில் ஈரமான கறுப்புக் குழம்பு ஒட்டியிருக்கும். மழையில் தெறித்த மண் என்றோ பறவை எச்சம் என்றோ நினைத்து ஆட்கள் கடந்துபோய்விடுவார்கள். ஒரு குச்சியால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தலையோடு ஆரஞ்சு மஞ்சள் நிறப் புழு நெளியும். தன் கழிவைத் தானே முதுகில் பூசிக்கொண்டு, பறவையிடமிருந்தும் வெயிலிலிருந்தும் தப்பிக்கிறது.

முட்டை பொரிய 7 முதல் 10 நாள் ஆகும், குளிராக இருந்தால் இன்னும் சில நாள். சின்னப் புழுக்கள் முதலில் வரிசையாக நின்று இலையின் அடித்தோலை மட்டும் சுரண்டும். அப்போது மேலிருந்து பார்த்தால் இலையில் கண்ணாடி போன்ற திட்டுகள் தெரியும். இந்தத் திட்டு தெரியும் நாள்தான் பொன்னான நாள். அடுத்த வாரத்தில் அவை பிரிந்து, இலையை முழுதாகத் தின்று, மொட்டுக்கும் ஏறிவிடும். மொத்தம் 16 முதல் 24 நாள் தின்றபின் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகின்றன. மூன்று வாரம் போல் கழித்துப் புதிய வண்டுகள் மேலே வரும்.

ஒரு பெண் வண்டு ஒரு பருவத்தில் 250 முதல் 450 முட்டை வரை இடும். ஆகவே ஞாயிறுதோறும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு உதவாது. முளை விட்ட நாளிலிருந்து ஜூலை வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இலையைத் திருப்பி, முட்டை வரிசையின் மேல் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் தீர்ந்தது. பத்துச் செடிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஃப்ரிட்டில்லாரியா இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வசந்தத்தில் லில்லியை முந்திக்கொண்டு அது எழும், விழித்த வண்டுகள் நேரே அங்கே போகும்.

வெறுங்கையால் மேலிருந்து பிடிப்பது

வண்டுக்கு அதிர்வும் நிழலும் உடனே புரிந்துவிடும். கை நெருங்கியதும் காலை மடக்கிக்கொண்டு தொப்பென்று கீழே விழும். விழுந்தது மல்லாந்து கிடக்கும். கறுப்பு வயிறு மேலே, கறுப்பு மண் கீழே. ஒரு சாண் தூரத்தில் கிடந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் நகர்ந்ததும் அது மறுபடி ஏறிக்கொள்ளும்.

அகலமான கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் வண்டு மிதந்து விளிம்பேறித் தப்பிவிடும், சோப்பு கலந்தால் மூழ்கும். கிண்ணத்தை இடது கையில் இலைக்கு நேர் கீழே பிடித்தபின் வலது கையால் இலையைத் தட்டுங்கள். விழும் பழக்கமே அதற்கு வினையாகிவிடும். செடி நெருக்கமாக இருந்து கிண்ணம் நுழையாவிட்டால், அடியில் வெள்ளைத் துணியோ செய்தித்தாளோ விரித்துக்கொள்ளுங்கள். மல்லாந்த கறுப்பு பளிச்சென்று தெரியும். உடல் சூடேறாத காலை வேளையில் வண்டு மந்தமாக இருக்கும், பிடிக்க எளிது. விரல்களுக்கிடையில் பிடித்தால் மெல்லிய கீச்சொலி எழுப்பும். பயந்து கையை உதற வேண்டாம், கடிக்காது.

புழுவை ஈரமான பழைய காகிதத்தால் வழித்தெடுத்து அதே கிண்ணத்தில் போடுங்கள். குழாயைப் பீய்ச்சிக் கீழே தள்ளுவதை நம்ப வேண்டாம். சின்னப் புழு சில செத்துப்போகலாம். முற்றிய புழுவுக்கோ மண்ணில் இறங்குவதுதான் அடுத்த வேலை, நீங்களே இறக்கிவிட்டதாக ஆகும். புழு நிறைந்த இலையைக் கிள்ளி உரக்குழியில் எறிவதும் அப்படித்தான். பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

தண்டையே வெட்டிவிடுவது

இலை கந்தலாகப் போனதும் ஆத்திரத்தில் தண்டை அடியோடு அறுத்துவிடுகிறார்கள், மறுபடி துளிர்க்கும் என்ற நம்பிக்கையில். ரோஜாவைப் போலவோ செம்பருத்தியைப் போலவோ லில்லி துளிர்க்காது. அந்தக் கிழங்குக்கு அந்த ஆண்டுக்கு அந்த ஒரு தண்டுதான். அதிலிருக்கும் இலைகள்தான் அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்தைக் கிழங்கில் சேர்க்கின்றன. கால்வாசி இலை மிஞ்சினாலும் அதைக் காப்பாற்றுங்கள். பூ வாடியதும் பூங்கொத்தை மட்டும் நீக்கி, தண்டு தானாக மஞ்சளாகும்வரை விடுங்கள். ஓராண்டு மொட்டையானால் கிழங்கு பொதுவாகச் சாகாது, சிறுத்துப்போகும். அடுத்த ஆண்டு பூக்காமல் இலை மட்டும் விடலாம். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்தால் கிழங்கே இருக்காது.

மருந்தை வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பது

வேப்பஞ்சாறு நமக்குப் பழகிய மருந்து என்பதால் இதில் ஒரு மயக்கம் உண்டு. வேம்பில் வேலை செய்யும் அசாடிராக்டின் புழுவின் தோலுரிப்பைக் கெடுக்கிறது. ஆகவே பொரித்துச் சில நாளான சின்னப் புழுவுக்கு அது எமன். முற்றிய புழுவிடம் பலன் குறைவு. வளர்ந்த வண்டு அதனால் சாவதில்லை, சற்று விலகிப்போகலாம், அவ்வளவே. இலையின் மேல்பக்கம் தெளித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதும் சரியல்ல. தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் வீரியம் போய்விடும் என்பதால் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அசாடிராக்டின் நீக்கிய வேப்ப எண்ணெயும் கடையில் கிடைக்கிறது. புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். பிரிட்டனில் வேப்ப எண்ணெய்க்குப் பூச்சிக்கொல்லி அனுமதி இல்லை என்பதையும் அங்குள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து புழுக்களை நன்றாகக் கொல்லும். ஆனால் ஈரம் காயும்வரை தேனீக்கும் நஞ்சு. தேனீ அடங்கிய அந்திப்பொழுதில், பூவில் படாமல், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால் மட்டும் அடியுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுத் தோட்டத்தை அழகுபடுத்துவதற்காகப் பூச்சிக்கொல்லி அடிப்பது 2009 ஏப்ரலிலிருந்தே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பொருள்களை மட்டுமே பயன்படுத்தலாம்.

வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் வகை மருந்து வண்டைக் கொல்லும், மறுக்கவில்லை. அது தண்டேறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும் என்பதுதான் ஆபத்து. திறந்தவெளியில் இதைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடைசெய்தது. நாலு லில்லிக்காகத் தெருவிலுள்ள தேனீக்களைப் பலிகொடுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

சமையலறைச் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து அடித்தால் புழுவுக்கு முன் இலை கருகும், அதன் மெழுகுப்பூச்சைச் சோப்பு கரைத்துவிடும். முட்டை ஓடும் காபித்தூளும் செடியைச் சுற்றிப் போடுகிறார்கள். இந்த வண்டு பறக்கும். வேலி எதற்கு?

குளிர்காலம் வரும் முன் மண்ணைக் கொத்துவது

வண்டு மண்ணிலோ சருகிலோ குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று படித்தவர்கள், இலையுதிர்காலத்தில் லில்லிப் பாத்தியை ஆழக் கொத்திப் போடுகிறார்கள். வண்டு லில்லிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்பதில்லை. ஒதுக்குப்புறமான எந்த இடமும் அதற்குப் போதும், அடுத்த வீட்டுத் தோட்டமாகவும் இருக்கலாம். பாத்தியில் நிச்சயம் தங்குவது வேறொரு உயிர்.

டெட்ராஸ்டிகஸ் செட்டிஃபர் என்ற நுண்ணிய குளவி லில்லி வண்டின் புழுவுக்குள் முட்டையிடும். அந்தப் புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டியதும், குளவியின் குஞ்சுகள் அதைத் தின்றுவிட்டு அந்தக் கூட்டுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் வெளிவரும். ஐரோப்பாவில் இது இயல்பாகவே உண்டு. மாசசூசெட்ஸில் 1999-இல் விடப்பட்டது, பிறகு கனடாவிலும். அது நிலைகொண்ட இடங்களில் வண்டின் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்திருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் இந்தக் குளவி விடப்பட்டிருந்தால், செடியைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறாதீர்கள். மூடாக்கையும் அள்ளி எறியாதீர்கள்.

தொட்டியோடு வண்டையும் வாங்கிவருவது

மே மாதம் நாற்றங்காலில் பூ மொட்டோடு விற்கும் தொட்டி லில்லிதான் புதிய தெருக்களுக்கு வண்டைக் கொண்டுசேர்க்கும் வண்டி. காசு கொடுக்கும் முன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள், மேல்மண்ணையும் விரலால் கிளறிப் பாருங்கள். நண்பருக்குக் கொடுப்பதாக இருந்தால் செடி ஓய்ந்தபின் கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவிக் கொடுங்கள்.

புதிதாக நடுபவர்கள் ரகத்தையும் பார்க்கலாம். ஏசியாட்டிக் ரகங்கள்தான் வண்டுக்கு விருந்து. 'பிளாக் பியூட்டி', ஹென்றி லில்லி வகையான 'மேடம் பட்டர்ஃப்ளை', ஸ்பெசியோசம் வகையான 'உச்சிடா' ஆகியவற்றில் சேதம் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், வராது என்றல்ல.

ஜூலையோடு ஓய்ந்துவிடுவது

பூத்து முடிந்ததும் யாரும் லில்லிப் பக்கம் போவதில்லை. அப்போதுதான் மண்ணிலிருந்து புதிய வண்டுகள் வருகின்றன. இவை அந்த ஆண்டில் பெரும்பாலும் முட்டையிடாது. இலையைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு ஒதுங்கி, அடுத்த ஏப்ரலில் முட்டையிட வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் கிண்ணத்தோடு வாரம் ஒருமுறை போனால் போதும். அப்போது பிடிக்கும் ஒவ்வொரு பெண் வண்டுக்கும் மேலே சொன்ன 250 முட்டைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.